இந்தச் செய்தி உண்மையா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலைகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வால்பேப்பரை மாற்றுவது, யூடியூபில் பழைய பாட்டு கேட்பது, போனில் உள்ள போட்டோக்களை இதில் ஏற்றி வைப்பது. இரண்டாவது வாரத்தில் வாட்ஸ்ஆப் வெப் பற்றி யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். திரையில் தெரியும் கட்டத்தைப் போனால் ஸ்கேன் செய்தால் போதும், போனுக்கு வரும் செய்திகள் எல்லாம் பெரிய திரையில் வந்து நிற்கும். பிறகு அரட்டைக்குக் கேட்கவா வேண்டும்? எந்தக் கம்பெனி புதுப் போன் விடுகிறது, எந்தப் படம் எத்தனை கோடி வசூல், எந்தச் சேனலில் யார் என்ன பேசினார் என்று நாள் முழுவதும் ஓடும்.

அரட்டை அடிக்காதீர்கள் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. எங்கள் ராணிப்பேட்டை முத்துக்கடை டீக்கடைகளில் நடந்து கொண்டிருந்ததுதான் இப்போது திரையிலும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், டீக்கடையில் ஒருவர் கதை விட்டால் எதிரில் இருப்பவர் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து விடுவார். திரையில் வரும் செய்திக்கு முகம் கிடையாது. யார் முதலில் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாது.

அதைக் கண்டுபிடிப்பதற்கான வசதிகள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. சொல்லப் போனால், போனைவிட இதில் செய்வது சுலபம். ஒரு பக்கம் வந்த செய்தியும் மறுபக்கம் ப்ரவுசருமாக இரண்டு விண்டோக்களைத் திறந்து வைத்துக் கொள்ளலாம். சில பிரபலமான புரளிகளை எடுத்துக் கொண்டு, அவற்றை எப்படிச் சோதித்திருக்கலாம் என்று பார்ப்போம்.

கரடி படம் போட்ட வைரஸ்

வாட்ஸ்ஆப் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். "இந்த மெயிலை எத்தனை பேருக்கு அனுப்புகிறீர்களோ அதற்கேற்ப பில்கேட்ஸ் உங்களுக்குப் பணம் தருவார்" என்ற மெயில் 1997-லேயே சுற்றியது. யாருக்கும் பணம் வரவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் சுற்றியது.

என் பார்வையில் அந்தக் காலத்துப் புரளிகளில் மிகவும் சாமர்த்தியமானது 2002-ல் வந்த கரடி மெயில்தான். "உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வைரஸ் 14 நாட்கள் தூங்கிக் கொண்டிருக்கும். எந்த ஆன்ட்டி வைரஸ் புரோகிராமாலும் கண்டுபிடிக்க முடியாது. ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற பைலைத் தேடுங்கள். அதன் ஐகான் ஒரு சாம்பல் நிறக் கரடிபொம்மை. இருந்தால் உடனே டெலிட் செய்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்றது அந்த மெயில்.

தேடிப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்ன இடத்தில் சொன்ன கரடி உட்கார்ந்திருந்தது! இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பலர் அழித்தார்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் மெயிலும் அனுப்பினார்கள். உண்மையில் அது விண்டோஸுடன் மைக்ரோசாப்ட் கொடுத்த பைல். ஜாவா புரோகிராம் எழுதுபவர்களுக்கு உதவும் ஒரு சின்ன கருவி. கரடி ஐகானும் மைக்ரோசாப்ட் வைத்ததுதான். அந்தப் பைல் போனதால் பெரும்பாலான வீட்டு உபயோகிப்பாளர்களுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்பது அதிர்ஷ்டம். இதற்கு முந்தைய ஆண்டு, 2001-ல், நீண்ட பைல் பெயர்களை மீட்டுத் தரும் இன்னொரு விண்டோஸ் பைலை வைத்து இதே விளையாட்டு நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? வைரஸ் என்று எதுவுமே இல்லை. வைரஸ் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளையும், அதாவது பைலை அழிப்பதையும் மற்றவர்களுக்குப் பரப்புவதையும், மனிதர்களே செய்து முடித்தார்கள். செய்தியில் ஒரு பாதி உண்மையாக இருந்தால் (கரடி இருக்கிறது) மறுபாதியையும் (அது வைரஸ்) நம்பிவிடுகிறோம். ஆகவே பைல் பெயர் எதையாவது சொல்லி யாராவது பயமுறுத்தினால், உடனே அழிக்காமல், அந்தப் பெயரை அப்படியே கூகுளில் டைப் செய்து தேடுங்கள். ஒரு நிமிட வேலை.

செவ்வாய் கிரகமும் கால்குலேட்டரும்

"ஆகஸ்ட் 27 இரவு வானத்தைப் பாருங்கள். செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குப் பெரிதாகத் தெரியும். வானத்தில் இரண்டு நிலா!" இந்தச் செய்தி உங்களுக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். இதன் வயது இருபதைத் தாண்டிவிட்டது.

ஆரம்பம் உண்மையானதுதான். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய், பூமிக்குச் சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அவ்வளவு அருகில் வந்ததில்லை. அப்போது பரவிய மெயிலில், 75 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் செவ்வாய் தெரியும் என்றுதான் இருந்தது. கை மாறி கை மாறி வரும்போது தொலைநோக்கி காணாமல் போனது. 2003 என்ற ஆண்டும் காணாமல் போனது. ஆண்டு இல்லாததால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதுச் செய்தியாக வந்து கொண்டிருக்கிறது.

இதைச் சோதிக்க இன்டர்நெட் கூட வேண்டாம். விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 5,58,00,000-ஐ இதால் வகுத்தால் 145 வரும். செவ்வாய் அன்று நிலாவைவிட 145 மடங்கு தூரத்தில் இருந்தது என்று பொருள். செவ்வாயின் விட்டம் 6,779 கிலோமீட்டர், நிலாவின் விட்டம் 3,474. செவ்வாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிது. 145-ஐ இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 73. அதாவது செவ்வாய், நிலாவைப் போல 73-இல் ஒரு பங்குதான் தெரியும். தொலைநோக்கி 75 மடங்கு என்று முதல் மெயிலில் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? எழுதியவர் கணக்கில் சரியாகத்தான் இருந்தார்.

இந்தக் கதையிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வந்த செய்தியில் நாளும் மாதமும் இருந்து ஆண்டு மட்டும் இல்லையென்றால், உடனே சந்தேகப்படலாம். "நாளை முதல்", "இன்று இரவு 12.30 மணிக்கு" என்று வருபவையும் இதே ஜாதிதான். என்றைக்குப் படித்தாலும் அவற்றுக்கு அன்றுதான் இன்று.

2000 ரூபாய் நோட்டுக்குள் ஜிபிஎஸ்

2016 நவம்பர் 8 இரவு, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அடுத்து வரவிருந்த 2000 ரூபாய் நோட்டில் "நானோ ஜிபிஎஸ் சிப்" இருக்கிறது, பூமிக்கு அடியில் 120 மீட்டரில் புதைத்து வைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தி பறந்தது. சில டிவி சேனல்களே இதை விளக்கப் படங்களுடன் காட்டின. அப்படி எதுவும் இல்லை என்று அரசுத் தரப்பில் மறுத்தார்கள். 2023 மே மாதம் அந்த நோட்டையே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ஆனால் சிப் கதையை இன்னமும் நம்புகிறவர்களை நான் பார்க்கிறேன். படித்தவர்கள்தான்.

மறுப்பு அறிக்கையைத் தேடுவதற்கு முன்பே, ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கதை தானாக விழுந்துவிடும். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை சிக்னலை அனுப்பிக் கொண்டே இருக்கும், அவ்வளவுதான். உங்கள் போன் குறைந்தது நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னலை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கணக்குப் போடுகிறது. போன் எங்கே இருக்கிறது என்று சாட்டிலைட்டுக்குத் தெரியாது. நீங்கள் வீட்டில் ரேடியோ கேட்கிறீர்கள். நீங்கள் எந்தத் தெருவில் இருந்து கேட்கிறீர்கள் என்று சென்னை வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதே போலத்தான்.

அப்படியானால் போனில் நம் இருப்பிடம் மற்றவர்களுக்குத் தெரிவது எப்படி? போன் கணக்கிட்ட இடத்தை, மொபைல் இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. அதற்கு சிம் வேண்டும், ஆன்டெனா வேண்டும், பேட்டரி வேண்டும். ஒரு காகித நோட்டில் இவையெல்லாம் எங்கே இருக்கும்? யார் தினமும் சார்ஜ் போடுவார்கள்? இன்னொன்று, ஜிபிஎஸ் சிக்னல் மிகவும் பலவீனமானது. கான்கிரீட் கட்டடத்துக்கு உள்ளே போனாலே போன் தடுமாறுகிறது. 120 மீட்டர் மண்ணுக்குக் கீழே போகவே போகாது.

கடையில் துணியில் மாட்டி வைக்கும் ஆர்எப்ஐடி பட்டைக்குப் பேட்டரி இல்லையே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அதைப் படிக்கும் கருவி சில மீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கருவியிலிருந்து வரும் ரேடியோ அலைதான் பட்டைக்கு மின்சாரம். வானத்திலிருந்து யாரும் அதைப் படிக்க முடியாது.

டெக்னாலஜி செய்தி எது வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தகவல் எந்த வழியாகப் போகிறது? பாதிப் புரளிகள் இங்கேயே நின்றுவிடும்.

"மூன்று சிவப்பு டிக் வந்தால் கோர்ட்டில் இருந்து சம்மன் வரும், அரசாங்கம் எல்லாச் செய்திகளையும் படிக்கிறது" என்ற புரளியையும் இதே போலப் பார்க்கலாம். வாட்ஸ்ஆப்பில் ஒரு டிக் என்றால் செய்தி அனுப்பப்பட்டது, இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்தது, இரண்டு நீல டிக் என்றால் படிக்கப்பட்டது. வேறு டிக் கிடையாது. 2016 ஏப்ரல் முதல் செய்திகள் அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கப்படுகின்றன. நடுவில் இருக்கும் வாட்ஸ்ஆப் கம்பெனியாலேயே உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. பிறகு யார் படித்து சிவப்பு டிக் போடுவது? மத்திய அரசின் பிஐபி பேக்ட் செக் பிரிவும் 2020-ல் இதைப் பொய் என்று அறிவித்தது.

சினிமா செய்திகள்

நம் அரட்டையில் பாதி சினிமாதான். அதில் வசூல் சண்டைக்கு முடிவே கிடையாது. காரணம் எளிது. நம் நாட்டில் எல்லாத் தியேட்டர்களின் வசூலையும் திரட்டிப் பொதுமக்களுக்கு வெளியிடும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. போஸ்டரில் வரும் தொகை தயாரிப்பாளர் சொல்வது, மற்றவை வியாபார வட்டாரத்தில் இருப்பவர்களின் மதிப்பீடு. ஆகவே இரண்டு பேர் இரண்டு தொகை சொல்லிச் சண்டை போட்டால், இருவரிடமும் ஆதாரம் இருக்காது. ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். படத்தின் நீளம் என்ன, எந்தச் சான்றிதழ் கிடைத்தது என்பது போன்ற விஷயங்களுக்குச் சென்சார் போர்டின் இணையதளம் இருக்கிறது.

சினிமாச் செய்திகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் கலைஞர்களுக்கு இரங்கல் போடுவது. 2020 ஜூன் மாதம் பாடகி எஸ். ஜானகி காலமாகிவிட்டார் என்று செய்தி பரவியது. அவர் ஓர் அறுவை சிகிச்சை முடிந்து நலமாக இருந்த நேரம். பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வீடியோ வெளியிட்டு, ஜானகி அம்மாவிடம் தாமே பேசியதாகவும், அவர் நன்றாக இருப்பதாகவும் சொல்லி, இப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக் கொள்ள வேண்டி வந்தது. அந்தக் குடும்பத்தில் அன்று எத்தனை போன் அடித்திருக்கும்? மாலையும் மெழுகுவர்த்தியும் போட்ட படத்தை உருவாக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு மதிப்பு கொடுக்காதீர்கள். பிரபலமானவர் ஒருவர் இறந்தால் பத்து நிமிடத்தில் எல்லாச் செய்தி நிறுவனங்களிலும் வந்துவிடும். கூகுளில் அவர் பெயரைப் போட்டு 'நியூஸ்' என்ற பகுதியை க்ளிக் செய்யுங்கள். பத்திரிகைகள், டிவி நிறுவனங்கள் எதிலும் இல்லையென்றால் காத்திருங்கள். முதலில் இரங்கல் போட்டவருக்குப் பரிசு ஒன்றும் கிடையாது.

"நீல டிக் உள்ள கணக்கில்தான் வந்தது" என்பார்கள். ட்விட்டரில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆளைச் சரிபார்த்து இலவசமாகக் கொடுத்த பழைய நீல டிக்குகள் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன. இப்போது அது மாதச் சந்தா கட்டினால் கிடைப்பது. டிக்கைப் பார்க்காமல், கணக்கின் பெயரில் எழுத்து ஏதாவது கூடுதலாக இருக்கிறதா, கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று பாருங்கள்.

படத்தை வைத்துத் தேடுவது எப்படி?

ஒவ்வொரு தீபாவளிக்கும் "தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்த படம்" என்று வண்ண விளக்குகளாக மின்னும் ஒரு வரைபடம் வருமே, அதை எடுத்துக் கொள்வோம். அது ஓர் இரவில் எடுத்த போட்டோவே அல்ல. அமெரிக்காவின் நோவா நிறுவன விஞ்ஞானி ஒருவர், பல ஆண்டு சாட்டிலைட் தகவல்களைச் சேர்த்து 2003-ல் உருவாக்கிய படம். புதிதாக வெளிச்சம் தோன்றிய இடங்களை ஆண்டு வாரியாக வெவ்வேறு நிறத்தில் காட்டியிருக்கிறார். நகரங்கள் வளர்வதைக் காட்டும் படம் அது. 2012 நவம்பர் 12 இரவு எடுத்த உண்மையான படத்தை நாசா பிறகு வெளியிட்டது. வழக்கமான இரவு போலத்தான் இருக்கிறது. தீபாவளி விளக்குகளின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை என்றும் நாசா விளக்கியது.

இதைக் கண்டுபிடிக்கும் முறை: வாட்ஸ்ஆப் வெப்பில் படத்தைத் திறந்து டவுன்லோடு செய்யுங்கள். ப்ரவுசரில் கூகுள் இமேஜஸ் பக்கத்துக்குப் போனால், தேடும் கட்டத்தில் சின்ன கேமரா ஐகான் இருக்கும். அதை க்ளிக் செய்து, டவுன்லோடு செய்த படத்தை அங்கே இழுத்து விடுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். டின்ஐ என்ற இன்னொரு தளமும் இதே வேலையைச் செய்கிறது. முடிவுகளை மிகப் பழையது முதலில் வரும்படி அடுக்கச் சொல்லலாம் என்பது இதன் சிறப்பு. "நேற்று எடுத்தது" என்று வந்த படம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இணையதளத்தில் இருந்தால், விஷயம் முடிந்தது.

எழுத்தில் வந்த செய்தியாக இருந்தால், முக்கியமான நான்கைந்து வார்த்தைகளை எடுத்துத் தேடுங்கள். முடிவுகள் வந்ததும் 'டூல்ஸ்' என்பதை க்ளிக் செய்து, 'எனி டைம்' என்ற இடத்தில் 'கஸ்டம் ரேஞ்ச்' தேர்ந்தெடுத்துப் பழைய தேதிகளைக் கொடுங்கள். இந்த வசதியைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. தமிழில் கிடைக்காவிட்டால் ஆங்கிலத்தில் தேடுங்கள், ஏனென்றால் நமக்கு வரும் பல புரளிகள் மொழிபெயர்ப்புகள்.

குடியாத்தமும் போளூரும்

இதுவரை பார்த்தவற்றில் யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் 2018-ல் எங்கள் பகுதியில் போனது.

அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், வட மாநிலத்துக் குழந்தை கடத்தும் கும்பல் நம் மாவட்டங்களுக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்ஆப்பில் வீடியோவும் படங்களுமாகச் செய்திகள் சுற்றின. ராணிப்பேட்டை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஏப்ரல் கடைசியில், அதே மாவட்டத்தில் குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில், வட மாநிலத்தவர் என்று கருதப்பட்ட ஓர் இளைஞரைக் கூட்டம் அடித்தே கொன்றது. மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. சென்னையைச் சேர்ந்தவர்களும் மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்தது. அந்த அம்மாள் கொல்லப்பட்டார், கூட வந்த நால்வர் படுகாயம் அடைந்தனர். ஆரணி வழியாகப் போனால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் ஊர் அது.

அந்த மாதங்களில் இந்தியாவின் பல மாநிலங்களில் சுற்றிய ஒரு வீடியோவைப் பார்ப்போம். மோட்டார் பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக் கொண்டு பறக்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானில், கராச்சியைச் சேர்ந்த ரோஷ்னி என்ற தொண்டு அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில், பைக் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடும். ஒரு வாசக அட்டையைப் பிடித்துக் காட்டி, பிள்ளைகளைக் கவனித்துக் கொள்ளுங்கள் என்பார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம், வெட்டியதும் ஆளைக் கொல்லும் படமாகிவிட்டது.

வீடியோவைச் சோதிப்பது எப்படி? அதை அப்படியே கூகுளில் போட முடியாது. வீடியோவை ஓடவிட்டு, கடைப் பலகை, வண்டி நம்பர், போலீஸ் உடை ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கீபோர்டில் விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் திரை மங்கும். மவுஸால் வேண்டிய பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, படமாகச் சேமியுங்கள். பிறகு முன்பு சொன்னது போலப் படத்தை வைத்துத் தேடுங்கள். ஒரு படத்தில் கிடைக்காவிட்டால் வேறு இரண்டு இடங்களில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தேடுவதற்கு முன்பே திரையை உற்றுப் பாருங்கள். கராச்சித் தெருவில் தமிழ்ப் பலகை ஒன்றாவது இருந்திருக்குமா? வண்டியில் தமிழ்நாட்டு எண் இருந்திருக்குமா? பெரிய திரையில் இவை நன்றாகத் தெரியும். போனில் தெரியாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து இதே கதை தலைகீழாக நடந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் வடக்கே பரவின. அப்போது சுற்றிய இரண்டு வீடியோக்களைப் பற்றித் தமிழ்நாடு போலீஸ் டிஜிபி விளக்கம் கொடுத்தார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக் கொண்ட சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் சிப்காட்டிலும் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களில் வட மாநிலத்தவர் பலர். 2015 ஜனவரி 31 அன்று இங்குள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்களே, அதில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். 2018-ல் புரளியை நம்பியது நாம். 2023-ல் நம்பியது அவர்கள் ஊரில் இருந்த குடும்பங்கள். இரண்டு தடவையும் பயந்தது ஒரே தெருவில் வசிக்கும் நாமும் அவர்களும்தான்.

குழந்தையைக் கடத்துகிறார்கள் என்று செய்தி வரும் நேரத்தில் யாருக்கும் கூகுளைத் திறக்கத் தோன்றாது. கை நடுங்கும், உடனே பத்துப் பேருக்கு அனுப்பத்தான் தோன்றும். ஆகவேதான் ரூபாய் நோட்டு, செவ்வாய் கிரகம், சினிமா போஸ்டர் மாதிரி அவசரமில்லாத செய்திகளில் இப்போதே பழகிக் கொள்ளச் சொல்கிறேன்.

இரட்டை அம்பு

2018 ஜூலையில் வாட்ஸ்ஆப் இரண்டு மாற்றங்களைக் கொண்டு வந்தது. பார்வர்டு செய்த செய்தியில் அப்படியே குறிப்பிட்டுக் காட்டியது. இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்றது. 2019-ல் இந்தக் கட்டுப்பாடு உலகம் முழுவதும் வந்தது. ஐந்து என்பது குறைவாகத் தெரியலாம். அப்போது ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழுவுக்கு அனுப்பினால் 1,280 பேர். 2022-லிருந்து ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரே க்ளிக்.

பல கை மாறி வந்த செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி தெரியும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடிகிறது. இரட்டை அம்பைப் பார்த்தால், "அனுப்பியவர் இதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை" என்று படித்துக் கொள்ளுங்கள். ஆனால் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் அம்பு வராது. அம்பு இல்லை என்பதால் நம்பிவிடவும் கூடாது.

இப்போது குரலையும் முகத்தையும் கம்ப்யூட்டரே உருவாக்கிவிடுகிறது. விரல் ஆறு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் தந்திரம் வரவரப் பயன்படுவதில்லை. அப்படிப்பட்டவற்றில் படத்தைவிட, அதைச் சொன்ன இடத்தைத் தேடுவதுதான் வழி. பிரபலமானவர் அப்படிப் பேசியிருந்தால் எந்த மேடையில், எந்த நாளில்? அந்த நிகழ்ச்சியின் முழு வீடியோ எங்கே? தமிழில் இப்படிச் சரிபார்த்து எழுதும் யூடர்ன் போன்ற தளங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2023 அக்டோபரில் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது.

பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது?

சோதித்துப் பார்த்துவிட்டோம், பொய் என்று தெரிந்துவிட்டது. அனுப்பியவர் பெரியப்பா. குடும்பக் குழுவில் 40 பேர் முன்னால் "இது பொய்" என்று போட்டால், அவருக்கும் சங்கடம், நமக்கும் பொங்கல் வரை பேச்சு இருக்காது. அவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். "பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோ நம்ம ஊர்ல எடுத்தது இல்லைங்க, 2016-ல வெளிநாட்டுல எடுத்திருக்காங்க. முழுப் படமும் இதோட அனுப்பியிருக்கேன், பாருங்க. குழுவுல நீங்களே ஒரு வார்த்தை போட்டுட்டீங்கன்னா நல்லா இருக்கும்." இப்படிச் சொன்னால் பெரும்பாலும் அவரே போட்டுவிடுவார். மூலப் படம் இருக்கும் இணைப்பைச் சேர்த்து அனுப்புவது முக்கியம். வெறுமனே "பொய்" என்றால் அதுவும் இன்னொரு பார்வர்டுதான். ஆளைத் தாக்கச் சொல்லும் செய்தி, வெளியூர்க்காரர்களைப் பிடிக்கச் சொல்லும் செய்தி என்றால் மட்டும் மரியாதை பார்த்துக் காத்திருக்காதீர்கள். குழுவிலேயே உடனே சொல்லுங்கள்.

அனுப்பியவர் நீங்களாக இருந்தால், செய்தியின் மேல் மவுஸை வைத்து, வரும் அம்புக்குறியை க்ளிக் செய்து 'டெலிட்' கொடுங்கள். 'டெலிட் பார் எவ்ரிஒன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருடைய திரையிலிருந்தும் போய்விடும். 2022-ல் இதற்கான கால அளவை இரண்டு நாள் 12 மணி நேரமாக உயர்த்தினார்கள். ஆனால் அதற்குள் யாராவது வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால் அது அங்கே அப்படியே இருக்கும். ஆகவே அழித்ததோடு நிறுத்தாமல், என்ன அழித்தீர்கள், ஏன் அழித்தீர்கள் என்று இரண்டு வரி அதே குழுவில் எழுதிவிடுங்கள்.